மன்றமும் விருதும்

கட்டடக்கலைக்கு வழங்கப்படும் விருதுகள் பெரும்பாலும் கட்டியவனின் பெயரைப் போற்றுவன. மாளிகையோ நூதனசாலையோ வங்கியோ ஒன்று எழுந்து நிற்கும். அதன் அழகை நடுவர் மெச்சுவர். கலைஞன் புகழ் பெறுவான். இவ்வழக்கினின்றும் வேறுபட்டதொரு விருது 2000ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரிலே தோன்றியது. அந்நகரின் சமகாலப் பண்பாட்டு நிலையம் நிறுவிய 'நகரப் பொதுவிடத்துக்கான ஐரோப்பிய விருது' என்பதே அது. ஈராண்டுக்கு ஒருமுறை அளிக்கப்படும் இவ்விருதோடு பணமுடிப்பு எதுவும் வழங்கப்படுவதில்லை. கட்டடக் கலைஞரோடு, அவ்வேலையை முன்னின்று நடத்திய நகரசபை முதலிய பொது நிறுவனமும் சேர்ந்தே அதனைப் பெறும். நடுவர் மதிப்பிடுவது கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளியை. சதுக்கம், தெரு, ஆற்றங்கரை, பாலத்தின் அடிநிழல், கைவிடப்பட்ட குன்று ஆகியவையே அவர்தம் ஆராய்ச்சிக்கு உரியவை.

இவ்விருதின் அளவுகோலை ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே, குறிப்பாகப் பதுளையிலிருந்து நமுனுக்குல மலையை நோக்கி ஏறும் ஸ்பிரிங்வெளிச் சாரலிலே கொண்டுவந்து வைத்தால் யாது புலப்படும் என்பது ஈண்டு ஆராயற்பாலது. ஐரோப்பிய நகரம் எங்கே, தேயிலை மலை எங்கே என்று வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஓரிடத்தார் பேசாமலே ஏற்றுக்கொண்டுவிட்ட அடிப்படை யாதென்பதை மற்றோரிடமே காட்டிக்கொடுக்கும். மீன் தான் நீரில் இருப்பதை அறியாது. கரையிலே கிடப்பது அதனை நன்கு அறியும்.

முதலில் அவ்விருதின் தீர்ப்புகள் சிலவற்றை நோக்குவாம். நெதர்லாந்தின் சான்ஸ்டாட் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 1970களின் தொடக்கத்தில் பெருந்தெரு ஒன்று தூண்கள்மீது அமைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு மீற்றர் உயரத்தில் ஓடிய அத்தெரு ஊரை இரு கூறாக்கியது. கோயில் ஒருபுறமும் பழைய நகரசபைக் கட்டடம் மறுபுறமுமாயின. தெருவின் அடிப்பாகம் வாகனங்கள் நிறுத்தும் இருட்டிடமாய்ப் பல்லாண்டு கிடந்தது. பின்னர், அவ்வூரவரைக் கேட்டு, அவர்கள் வேண்டியவற்றை அங்கே அமைத்தனர். மீன் கடை, பூக்கடை, பலசரக்குக் கடை, இளைஞர் சறுக்கி விளையாடும் குழி, தோணி வந்து கட்டும் சிறு துறை எனப் பல அங்கே வந்து சேர்ந்தன. தெருவை இடிக்கவில்லை, மறைக்கவுமில்லை. அதனையே கூரையாகக் கொண்டனர். குரோவாசிய தேசத்துச் சாடார் நகரில், அலை மோதும்போது இசையெழுப்பும் கடற்கரைப் படிக்கட்டோடு இவ்வேலையும் 2006ஆம் ஆண்டின் விருதைப் பகிர்ந்துகொண்டது. படிக்கட்டு அழகிற் சிறந்தது. ஆயினும் பாலத்தடிப் பணியே அறிவுக்கு அதிக விருந்து எனல் பொருந்தும். கெடுத்து வைத்த இடத்தை, கெடுத்தவற்றைக் கொண்டே திருத்திய வேலை அது.

இதனினும் சிறந்த தீர்ப்பு 2010ஆம் ஆண்டிலே வழங்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் மக்டபேர்க் நகரத்துச் சால்ப்க்கே என்னும் பகுதி, தொழிற்சாலைகள் மூடப்பட்டமையால் நலிந்து வெறிச்சோடியது. அங்கிருந்த பழைய நூலகமும் தீயில் அழிந்திருந்தது. வெறுமையாய்க் கிடந்த அந்நிலத்தில் 2005ஆம் ஆண்டில் ஊர் மக்களும் கட்டடக் கலைஞரும் கூடி, வெற்றுப் பியர்ப் பெட்டிகளை அடுக்கிச் சுவரெழுப்பி, நன்கொடையாக வந்த நூல்களை அதிலே வைத்தனர். அது சில நாள் மாதிரியே. ஆனால் அம்மாதிரி மக்கள் மனத்தில் நின்றது. 2009ஆம் ஆண்டில், வேறோரூரில் இடிக்கப்பட்ட பெருங்கடையொன்றின் முகப்புத் தகடுகளைக் கொண்டு நிலையான திறந்தவெளி நூலகம் ஒன்று அங்கே கட்டப்பட்டது. அதிலே நூல்களை இரவும் பகலும் எவரும் எடுக்கலாம், பெயர் பதிய வேண்டியதில்லை, பூட்டில்லை, காவலனும் இல்லை. அவ்வாண்டில் இந்நூலகத்தோடு விருதைப் பகிர்ந்துகொண்டது ஒஸ்லோ நகரத்து இசைநாடக அரங்கம். அதன் வெண்பளிங்குக் கூரை நிலத்தளவுக்குச் சரிந்து இறங்கி, நுழைவுச்சீட்டு வாங்காதவரும் ஏறி உலாவத்தக்கதாய் அமைந்தது. பெரும் பொருட்செலவில் எழுந்த அரங்கத்தையும் பழைய தகடுகளாலான நூலகத்தையும் நடுவர் ஒரே தட்டில் வைத்தமை கவனிக்கத்தக்கது. அவர்கள் இரண்டிலும் கண்டது, வருபவனை நீ யார் என்று கேளாமையாகும்.

பூட்டும் காவலுமில்லாத இடம் தமிழ் படித்தோருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து ஐவகை மன்றங்களை விரித்துரைக்கின்றது. அவற்றுள் முதலாவதாகிய வெள்ளிடை மன்றத்திலே வணிகரின் சரக்குப் பொதிகள் கதவும் காவலுமின்றிக் கிடக்கும். அவற்றைக் களவாட முயன்றவன் சுமையோடு அம்மன்றத்தையே சுற்றிச் சுற்றி வந்து அல்லலுறுவான். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் உடற்குறையுடையோரும் நோயாளரும் மூழ்கி நலம் பெறுவர். நெடுங்கல் நின்ற மன்றம் நஞ்சுண்டோரையும் பித்தேறியோரையும் தீர்க்கும். பூதசதுக்கத்துப் பூதம் பொய்க்கரி கூறுவோரைப் பிடித்துண்ணும். ஐந்தாவது பாவை மன்றம். அரசன் செங்கோல் வளைந்தாலும் அறங்கூறவையத்தார் ஒருபாற் கோடினாலும் அங்கு நிற்கும் பாவை வாய் திறவாது கண்ணீர் சொரியும். முருகன் உறையும் இடங்களை எண்ணப் புகுந்த திருமுருகாற்றுப்படையும் மலைகளோடு நில்லாது, தெருக்கள் கூடும் இடங்களையும் ஊர்ப் பொதுவிடங்களையும் சேர்த்தே எண்ணுகின்றது.

புராணக் கற்பனை என்று இவற்றைத் தள்ளிவிடலாகாது. பொதுவிடம் எதன்பொருட்டு வேண்டும் என்ற வினாவுக்கு இவை விடையாகின்றன. உடைமை நம்பிக்கையோடு கிடக்கவும், நோயுற்றோர் ஒதுக்கப்படாமல் வந்து சேரவும், பொய் வெளிப்படவும் அது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள்வோனின் கோணல் அங்கே கண்ணுக்குத் தெரியவேண்டும். பார்சலோனா விருது பொதுவிடத்தை மதிப்பிடுகின்றது. புகார் மன்றங்களோ தாமே மதிப்பிடும் இடங்களாய் நின்றன. விருதை ஆராய்வார் இவ்வேறுபாட்டை மறத்தல் தகாது.

இனி, ஸ்பிரிங்வெளிச் சாரலுக்கு வருவாம். நமுனுக்குல என்பது ஒன்பது முகடுகள் எனப் பொருள்படும் மலை. 2036 மீற்றர் உயரமுடையது. 1924ஆம் ஆண்டில் பதுளை வரையும் வந்து முடிந்த புகையிரதப் பாதை இம்மலைச்சாரலின் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. சாரலிலே பார்வைக்கு வெளிக்குக் குறைவில்லை. கண்ணுக்கெட்டிய தூரமும் பச்சை, அதனூடே வெண்ணிறமான தொழிற்சாலை, உச்சியிற் பங்களா, சரிவிலே வரிசையான லயங்கள். வெளியூர்ப் பயணி இதனைத் திறந்த நிலம் என்றே கருதுவான். அங்கு வாழ்வோர் அனுபவம் வேறு. அத்துணை நிலத்திலும் தொழிலாளி தன் விருப்பப்படி, எவருடைய அனுமதியுமின்றி நிற்பதற்கு உரிய இடம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால் அது மிகச் சிறிதாய்ச் சுருங்கிவிடும்.

பெரட்டுக்களத்தை எடுத்துக்கொள்வாம். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்துத் தமிழிற் பெரட்டு ஆயிற்று. அதிகாலையில் தப்பொலி கேட்டு எழுந்து வந்த ஆண் பெண் யாவரும் அங்கே வரிசையாய் நிற்க, கணக்கப்பிள்ளை பெயரெடுத்து வேலை பிரித்து அனுப்பும் களம் அது. தோட்டத்து மக்கள் எல்லோரும் ஒருங்கே கூடிய ஒரே மைதானம் அதுவாதலின் புறத்தோற்றத்தில் ஊர்ச் சதுக்கம் போன்றதே. ஆயினும் அங்கே கூடியோர் கூட்டப்பட்டவர், கூடியவரல்லர். படைக்கு உரிய சொல்லொன்று அக்களத்தின் பெயராய் நிலைத்தமையே அதன் இயல்பைச் சொல்லும். கொழுந்து மடுவமும் அத்தகையதே. கூடை நிறுக்கும் வேளைக்கு மட்டும் அங்கு நிற்கலாம். தராசு எழுந்ததும் நிற்போர் கலையவேண்டும்.

பீலிக்கரை சற்று வேறுபட்டது. மலையூற்றைத் தகட்டிலோ மூங்கிலிலோ ஏந்தி விழச்செய்யும் அவ்விடத்திற் பெண்கள் குடம் நிறையும் வரையிலாவது ஒருவரோடொருவர் பேசுவர். தோட்டத்துச் செய்திகளும் கலியாணப் பேச்சும் துரையின் குணமும் அங்கேதான் ஆராயப்பட்டன. புகாரின் இலஞ்சி மன்றத்துக்கு மலையகத்தில் ஒப்புக் கூறவேண்டுமாயின் பீலியையே கூறலாம். லயத்து வாசலும் இவ்வாறே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் அடங்கமாட்டாது. ஆதலால் வாழ்வு இஸ்தோப்புக்கும் அங்கிருந்து வாசலுக்கும் வழிந்தது. அரிசி புடைத்தல், தலைவாருதல், படித்தல், சண்டையிடுதல், சமாதானமாதல் யாவும் வாசலிலே நிகழ்ந்தன. இடநெருக்கடி தந்த இந்தப் பொதுமையை வியந்து பாடுவோர் சிலர் உளர். அது தவறு. வேறு வழியின்மையாற் பிறந்ததைப் பண்பாட்டுச் சிறப்பென்று கொண்டாடுதல், வறுமைக்கு மாலையிடுவது போன்றது. எனினும் அவ்வாசலிலே உருவான உறவுகள் உண்மையானவை என்பதை மறுத்தலும் இயலாது.

இவ்விடங்கள் யாவும் எவருக்கு உரியவை? தோட்டக் கம்பெனிக்கே. கோயில் முற்றமும் அதனுள் அடங்கும். தோட்டத்துள் தொழிலாளரைச் சந்திக்கச் சென்ற தொழிற்சங்கத்தார்மீது அத்துமீறி நுழைந்த குற்றம் சாட்டப்பட்டது அக்காலத்து வழக்கம். கோ. நடேசய்யர் தோட்டத்து நிலையை நேரிற் காண விரும்பியபோது துணி வியாபாரியாய் வேடம் பூண்டு செல்ல நேர்ந்தது. ஓர் ஊருக்குள் மனிதர் மனிதரைக் காண வேடம் பூணவேண்டியிருந்தால் அங்கே தெரு என ஒன்று இல்லை என்பதே பொருள். பாதை இருந்தது, அது கொழுந்து ஏற்றிச் செல்லும் பாதை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாட்டவர் என்னும் நிலையினின்றும் நீக்கியபின் நிலைமை மேலும் இறுகியது. பொதுவிடத்துக்கு முன்னே பொதுமக்கள் இருத்தல் வேண்டும். எஞ்சியோர் யாவரும் நாட்டவராகச் சட்டம் இயற்றப்பட்டது 2003ஆம் ஆண்டிலேயே.

இடையிலே 1975ஆம் ஆண்டிற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதாவது அவை ஊர்களாய் மாறின என எண்ணுவதற்கில்லை. துரை மாறினார், பெரட்டு மாறவில்லை. 1992ஆம் ஆண்டின்பின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. இவற்றையெல்லாம்விட அதிகம் பேசப்படாத தடை ஒன்று உள்ளூராட்சிச் சட்டத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவின் காரணமாகத் தோட்டத்துப் பாதைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட முடியாதிருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அவ்வுறுப்பினர் சபையில் அமர்ந்து பேசலாம். ஆனால் அவர் பிறந்த லயத்துக்கு முன்னே ஒரு விளக்குக் கம்பம் நாட்டச் சபைக்கு வழியில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தடையை நீக்கிற்று.

பார்சலோனா விருது கட்டடக் கலைஞருக்கும் பொது நிறுவனத்துக்கும் சேர்த்தே வழங்கப்படுவது என மேலே கூறப்பட்டது. இப்போது அதன் பொருள் விளங்கும். அவ்விருது, திருத்தப்படும் நிலம் ஏற்கெனவே ஊருக்கு உரியது என்பதை அடிப்படையாகக் கொண்டது. நகரசபை உண்டு, அதற்கு நிலத்தின்மேல் அதிகாரம் உண்டு, குறையாயிருப்பது அழகும் ஒழுங்குமே. அல்பானியத் தலைநகர் திரானாவின் ஸ்கண்டர்பெக் சதுக்கம் 2018ஆம் ஆண்டில் விருது பெற்றது. வாகனங்களை அகற்றி, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்த கற்களைப் பரப்பி, நடுவே மெல்ல உயரும் தளமாக அதனை அமைத்தனர். அரசர் காலத்திலும் பின்வந்த சர்வாதிகாரத்திலும் ஆள்வோரின் பெருமை காட்டிய இடம், நடுவே வந்து நிற்கும் சாதாரண மனிதனை உயர்த்தும் இடமாயிற்று. நல்ல வேலையே. ஆனால் அங்கே சதுக்கம் முன்னரே இருந்தது. ஸ்பிரிங்வெளியிலோ 2018ஆம் ஆண்டு வரையும் விருதின் இரண்டாவது பெயரை எழுதவேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்திருக்கும்.

மலையகத்துத் தோட்டக் கட்டடங்கள் எவையும் உலக விருதுகளின் கண்ணிற் படவில்லை எனக் கூறவும் முடியாது. கந்தப்பளையிலே நீண்ட காலம் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை உல்லாச விடுதியாகப் புதுப்பிக்கப்பட்டது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாராட்டு 2001ஆம் ஆண்டில் அதற்குக் கிட்டியது. பழைய இயந்திரங்களைப் போக்காமல், இரும்புச் சட்டங்களையும் வரிசையான சாளரங்களையும் காத்துச் செய்த அவ்வேலை கட்டடப் பாதுகாப்பு என்ற அளவிற் பாராட்டுக்கு உரியதே. அக்கட்டடம் இடிந்து போயிருந்தால் எவருக்கும் நன்மையில்லை. ஆயினும், ஒரு தலைமுறை கொழுந்து கொண்டுவந்து கொட்டிய தளத்திலே இன்று கால்வைக்க அறை வாடகையோ உணவு விலையோ வேண்டும். மரபுரிமை காக்கப்பட்டது, மரபுரிமைக்கு உரியவர் வாசலுக்கு வெளியே நின்றனர்.

இதனோடு ஊவாவின் வேறொரு தொழிற்சாலையை ஒப்பிடல் தகும். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது, போக்கிடமே இல்லாதிருந்தது. தப்பியோர் முதலில் அயலிலுள்ள பாடசாலைகளில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலே தடுப்புகளுக்கிடையே குடும்பம் குடும்பமாய்ப் பல மாதங்கள் தங்கியிருந்தனர். புதிய வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேயே. தொழிற்சாலை ஒன்று பாராட்டுப் பெற்ற விடுதியானதும், மற்றொன்று பாராட்டின்றி அடைக்கலமானதும் ஒரே மலைத்தொடரிலே நிகழ்ந்தவை. இரண்டாவது கட்டடத்தை எக்கலைஞனும் மாற்றியமைக்கவில்லை. புகைப்படக் கலைஞரும் அதன் சாளர வரிசையை மெச்சவில்லை. ஆனால் அதன் வரலாற்றிலே முதன்முறையாக அது மக்களுக்குக் கூரையாயிற்று. நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பாதுகாப்பாகத் தங்கத்தக்க பொதுக்கட்டடம் தோட்டப்புறத்தில் தொழிற்சாலையைத் தவிர வேறில்லை என்பதை அந்நிகழ்ச்சி எவ்வறிக்கையையும்விடத் தெளிவாய் உணர்த்தியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து டித்வாச் சூறாவளியிலே பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தபோதும், எங்கே சென்று கூடுவது என்ற அதே வினாவே எழுந்தது.

இலங்கைக் கட்டடக்கலையின் தலைமகன் எனத்தக்க ஜெப்ரி பாவா 2001ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசைப் பெற்றார். உள்ளும் புறமும் ஒன்றோடொன்று கலக்கும் முற்றங்களையும் தாழ்வாரங்களையும் அமைப்பதிலே அவருக்கு இணையில்லை. அவரும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கட்டடம் வரைந்தார். 1959ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, மஸ்கெலியாப் பக்கத்து ஸ்ராத்ஸ்பே தோட்டத்துத் துரையின் பங்களா. இதில் அவர்மீது குறை கூற இடமில்லை. கலைஞன் அழைத்தவர்க்கே வரைவான். லயத்தார் அழைக்கும் நிலையில் இருக்கவில்லை.

அழைப்போர் மாறினால் கலை எவ்வாறு மாறும் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் ஹோல்சிம் உலக விருதுகள் சான்றாகும். அவ்வாண்டின் வெள்ளிப் பரிசு இலங்கைக்குக் கிட்டியது. மிலிந்த பத்திராஜவின் வழிகாட்டலில், போர் முடிந்தபின் இளம் படைவீரரைக் கட்டடத் தொழிலிற் பயிற்றி, இடித்துக் கெட்டித்த மண்சுவர்களால் அம்பேபுஸ்ஸவிற் கட்டிய நூலகம் அது. கட்டுவோர் கட்டும்போதே கைத்தொழில் கற்கவேண்டும் என்பது அதன் சிறப்பு. படையினரின் நிழலிலே நிற்கும் நூலகம் எல்லோர்க்கும் ஒரே மனத்தோடு நுழையத்தக்கதா என்ற ஐயம் தமிழ் வாசகர் சிலருக்கு எழுதலும் இயல்பே. மண்சுவர் எவ்வளவு அழகாயினும் வாசலில் நிற்போரையும் அது சேர்த்தே பேசும்.

அவ்வாண்டின் பொற்பரிசு கொலம்பியாவின் மெடலின் நகரத்துக்குச் சென்றது. அப்பரிசு பெற்ற இடத்தின் பெயரும் 'ஊவா' என்பதே. மூன்று ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. பெயரொற்றுமை தற்செயலானது, பொருளொற்றுமை அவ்வாறன்று. மெடலின், மலைச்சரிவிலே வறியோர் நெருங்கி வாழும் நகரம். அந்நகர நீர் நிறுவனம் சரிவுகளிலே பெரிய நீர்த்தாங்கிகளை அமைத்து, வேலியிட்டுக் காத்துவந்தது. நகரம் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தபோது, வீடுகளுக்கு நடுவே எஞ்சிய வெற்றுநிலம் வேலிக்கு உட்பட்டதாகவே இருந்தது. கட்டடக் கலைஞர் வேலிகளை அகற்றி, தாங்கிகளைச் சுற்றித் தளங்களும் படிகளும் நிழற்சாலைகளும் அமைத்து, அந்நிலத்தை அயலார்க்குத் திறந்துவிட்டனர். நீர்த்தாங்கியின் தொழில் நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் நிலம் நிறுவனத்திடமே இருந்தது. மாறியது வேலி ஒன்றே.

மலைச்சரிவு, கம்பெனி நிலம், நெருங்கிய குடியிருப்பு, வேலி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடம் பதுளை மாவட்டத்திலும் உண்டு. ஆகவே, ஊவாத் தோட்டங்களுக்கு வழிகாட்டி தேடுவோர் திரானாவின் கற்றளத்தைக் காட்டிலும் மெடலினின் நீர்த்தாங்கியையும் சான்ஸ்டாட்டின் பாலத்தடியையும் நோக்குதல் நன்று. மாலை நிறுவை முடிந்தபின் பூட்டப்படும் கொழுந்து மடுவம், கூரையுடைய மண்டபமே. விளக்கொன்றும் சில வாங்குகளும் இருப்பின் பிள்ளைகள் படிக்குமிடமாகும். பெரட்டுக்களம் பெயரெடுத்து முடிந்தபின் நாள் முழுவதும் வெறுமையாய்க் கிடப்பது. லயத்துக்கு லயம் ஏறியிறங்கும் மண்படிகளைக் கல்லாற் கட்டி, கைபிடிக்கக் கம்பி வைத்தால் மழைக்காலத்திற் கர்ப்பிணியும் முதியோரும் வெளியே வருவர். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, அனுமதியே வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பிரதேச சபை அதனை முறைப்படி கேட்கலாம். கேட்கும் சபை எதுவோ அதுவே மலையகத்தின் முதலாவது நகரசபை எனப்படும்.

புதிய வீடமைப்பும் ஆராயத்தக்கது. லயங்களை ஒழித்துத் தனி வீடுகள் அமைப்பது நெடுநாள் வேண்டுகோள்; அதனை எதிர்ப்பார் எவருமிலர். இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது; 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவாயிற்று. தன் பெயரில் உறுதியுள்ள நிலம் என்பது இருநூறாண்டு வரலாற்றிலே சிறிய மாற்றமன்று. ஆயினும் கணக்கிலே வருவன வீடுகளின் தொகையும் பேர்ச்சஸ் அளவுமே. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்டது எவருடையது, எத்தனை வீட்டுக்கு ஒரு முற்றம், பிள்ளைகள் பந்தடிக்கும் சமநிலம் எங்கே என்னும் வினாக்களுக்கு அக்கணக்கில் நிரல் இல்லை. வாசலிலே வழிந்த வாழ்வை வீட்டினுள் அடக்கிய அளவிலே, வீட்டுக்கு வெளியே என்ன இருக்கவேண்டும் என்ற சிந்தனை நின்றுவிடுகின்றது. பார்சலோனா நடுவர் இங்கே வந்தால் வீட்டின் கூரையையும் சுவரையும் பாரார். அவர் கண் அவற்றுக்கு இடையிலேயே செல்லும்.

அவ்வாறு பார்ப்போர் தவறாது காணவேண்டிய இடம் ஒன்று தோட்டத்திலே உண்டு. அதனை எக்கட்டடக் கலைஞனும் அமைக்கவில்லை, கம்பெனியும் அமைக்கவில்லை. காமன் பொட்டல் என்பது அதன் பெயர். மாசி மாதத்து அமாவாசையின்பின் அங்கே கம்பம் ஊன்றுவர். அன்று தொடங்கி இரவுதோறும் ரதியும் மதனும் ஆட, தப்பு முழங்க, லயத்தார் யாவரும் சுற்றிலும் சாக்கு விரித்து அமர்வர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதும் ரதியின் புலம்பலும் அங்கேயே நிகழும். கூத்தின் நடுவே கோமாளி வாயிலாகக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் எள்ளப்படுவதுண்டு. பாவை மன்றத்துப் பாவை கண்ணீரால் உணர்த்தியதைக் கோமாளி சிரிப்பால் உணர்த்துவான். ஆட்டத்துக்கு மேடை இல்லை, அரங்கின் எல்லையைக் கயிறு கட்டிக் காட்டுவதும் இல்லை. ஆடுவோன் களைத்தால் பார்ப்போன் எழுந்து ஆடுவான். பெரட்டுக்களத்திலே வரிசையில் நின்ற அதே மக்கள் இங்கே வட்டமாய் அமர்கின்றனர். வரிசையும் வட்டமும் வெவ்வேறு அரசியல்கள் என்பதைக் கட்டடக்கலை மாணாக்கனுக்கு இதனினும் எளிதாய் விளக்கும் பாடம் கிடைத்தல் அரிது.

ஆண்டின் ஏனைய மாதங்களிலே அப்பொட்டலில் காண்பதற்கு ஒன்றுமில்லை. சற்றே சமமான ஒரு துண்டு நிலம்; ஓரத்தில் ஒரு மரம்; காய்ந்த கம்பத்தின் அடி. அதனை ஏழு ஏழு பேர்ச்சஸாகக் கூறிட்டால் இரண்டு வீடுகளோ மூன்றோ அமையும். வெற்று நிலம் எனக் கருதும் நில அளவையாளர் அதனை அவ்வாறே கூறிடுவர்.